ஆலைகள் போன பின்னர்: நியூ இங்கிலாந்து வணிகர் கேட்டவை

சென்ற ஆண்டு பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டம் முடிந்து யாவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், வணிகத்துறையில் நன்னிலை எய்திய அன்பர் ஒருவர் எம் அருகே வந்து அமர்ந்தார். எமக்குப் பல்லாண்டு முன்னதாக இக்கல்லூரியிற் பயின்றவர். கல்லூரி கேட்டபோதெல்லாம் இல்லையென்னாது கொடுத்தவர். "மாஸ்ரர், எங்கடை வணிகர் கழகம் அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதுது. ரோட்டு வேணும், கரண்டு வேணும், வட்டி குறைய வேணும், வரி குறைய வேணும் எண்டு பதினொரு விஷயம் எழுதியிருக்கிறம். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. எழுதத்தான் வேணுமோ? அதாலை ஊரிலை ஒரு தொழில் வளருமோ?" என்று அவர் வினவினார்.

வினாவிலே ஏளனம் சிறிதுமில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். கல்வியின் பெருமை குறித்து ஏதோ சொல்லித் தேநீரை முடித்துக்கொண்டோம். அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். இருபது ஆண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துவரும் எமக்கு, ஒரு பிரதேசத்தின் பொருளாதாரம் எவ்வாறு வளர்கின்றது என்று ஒருவர் கேட்டபோது நா எழவில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டுப் பின்னர் சில திங்கள் படித்தோம். படித்தவற்றுள் அன்பரின் வினாவுக்கு நேரே விடை பகர்வதாக எமக்குத் தோன்றியது, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்து என்னும் பிரதேசத்தின் வரலாறு. தன் தொழிலெல்லாம் கண்முன்னே கைநழுவிப் போனபோது அங்குள்ள வணிகர் ஒன்றுகூடி எவ்வெவற்றைக் கேட்டனர், கேட்டவற்றுள் எவை பயன் தந்தன, எவை ஒன்றோடொன்று மோதின என்பதையே ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

நியூ இங்கிலாந்து என்பது மெயின், நியூ ஹம்ஷயர், வெர்மொன்ற், மசாச்சூசெற்ஸ், றோட் ஐலன்ட், கனெற்றிக்கற் என்னும் ஆறு சிறு மாநிலங்களின் தொகுதி. அதன் தலைநகர் போல விளங்குவது பொஸ்ரன். நம்மவர்க்கு அது முற்றும் அயலான இடமன்று. 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிசனரிமாரை அனுப்பிய சபை பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்டது. மானிப்பாயில் மருத்துவம் செய்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிலே தந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் பிறந்ததும் இறந்ததும் மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே. வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கிய அதே 1823 ஆம் ஆண்டிலேதான், பொஸ்ரனுக்கு வடக்கே மெரிமக் ஆற்றங்கரையில், பின்னர் லோவெல் எனப் பெயர்பெற்ற நகரின் முதல் நெசவாலையும் சுழலத் தொடங்கியது. ஒரே ஊரார் ஒரு கையால் ஆலை கட்டினர். மறு கையால் அயல்நாட்டிற் பள்ளி கட்டினர். அவர்தம் மதப் பணியை எதிர்த்தே நம் சைவப் பாடசாலைகள் எழுந்தன என்பது வேறு கதை.

அந்நிலத்திலே நிலக்கரி இல்லை; எண்ணெய் இல்லை; மண்ணும் கல்லும் கலந்த வறிய மண். ஆனால் ஆறுகள் பல; அவை வேகமாக இறங்குவன. 1790 இல் இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் சிலேற்றர் என்னும் இளைஞர், நூற்கும் பொறிகளின் அமைப்பை மனத்திலே பதித்துக்கொண்டு வந்து, றோட் ஐலன்டிலே ஆற்றுநீரின் வலியால் அவற்றை இயக்கிக் காட்டினார். அக்காலத்தில் அப்பொறிகளின் வரைபடத்தை இங்கிலாந்திலிருந்து கொண்டுசெல்வது குற்றம். மனத்திலே கொண்டுசெல்வதை யாரால் தடுக்க முடியும்? பின் வந்த பிரான்சிஸ் கபொற் லோவெல் என்னும் பொஸ்ரன் வணிகர், நூற்றலையும் நெய்தலையும் ஒரே கூரையின் கீழ் அமைத்தார். நூறாண்டுக் காலம் அப்பிரதேசம் பருத்தித் துணியாலும் கம்பளியாலும் சப்பாத்தாலும் செழித்தது. ஆலைகளில் வேலை செய்த பண்ணைக் குடும்பத்துப் பெண்கள் 1840 இல் தாமே எழுதி ஒரு சஞ்சிகை நடத்தினர் என்று வாசித்தபோது, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் தறியருகே நின்றவர்கள் எழுதியிருக்க, நம் மாணவரிடம் கட்டுரை பெற யாம் படும் பாட்டை எண்ணி நகைத்தோம். அச்செழிப்பின் பஞ்சு தென்மாநிலங்களில் அடிமைகளின் கையாற் பறிக்கப்பட்டது என்பதையும் உடன் கூறாவிடின் வரலாறு பொய்யாகும்.

பின்னர் ஆலைகள் போகத் தொடங்கின. எங்கே போயின? பஞ்சு விளையும் தென்மாநிலங்களுக்கே. அங்கே கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், தொழிற்சங்கம் அரிது, ஆலைகள் புதியன, பொறிகளும் புதியன, மின்சாரம் மலிவு. வடக்கே இருந்த ஆலைகளோ பாட்டன் காலத்துப் பொறிகளோடு இழுபட்டன. வடக்கத்து முதலாளிகளிற் பலர் கிடைத்த இலாபத்தைப் பொறிகளிற் போடாது பங்குப்பணமாகப் பங்கிட்டுக்கொண்டனர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. 1920 களின் நடுவில் இயங்கும் கதிர்களின் தொகையில் தெற்கு வடக்கை முந்திவிட்டது.

இதன் துயரத்தை ஓர் ஊரிலே காணலாம். நியூ ஹம்ஷயரிலே மஞ்செஸ்ரர் என்னும் நகரில் அமொஸ்கெக் ஆலை இருந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய நெசவாலைத் தொகுதி அது. உச்சநிலையில் ஏறத்தாழ 17,000 பேர் அங்கு வேலை செய்தனர். நகரமே ஆலையாக, ஆலையே நகரமாக இருந்தது. 1922 இல் கூலியை நூற்றுக்கு 20 வீதம் குறைத்து, வாரத்துக்கு 48 மணிநேர வேலையை 54 ஆக உயர்த்துவதாக ஆலையார் அறிவித்தனர். தொழிலாளர் ஒன்பது திங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் இரு பாலாரும் மீளவில்லை. 1935 இல் ஆலை மூடப்பட்டது. 1936 வசந்தத்தில் ஆறு பெருக்கெடுத்து வெற்றுக் கட்டடங்களுக்கும் சேதம் விளைத்துச் சென்றது. அவ்வாண்டே ஆலையை உடைத்து விற்றுக் கடனைத் தீர்க்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது.

ஒரே ஆலையை நம்பிய ஊரின் கதி இது என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் மஞ்செஸ்ரர் வணிகர் முடிக்கவில்லை. கடைக்காரர், வங்கியாளர், வழக்கறிஞர் எனச் சிலர் கூடி ஒரு கம்பனியை அமைத்து, ஊருக்குள்ளேயே 5 இலட்சம் டொலர் திரட்டினர். மிகுதியைக் கடனாகவும் பிறவாறும் பெற்று, 50 இலட்சம் டொலருக்கு ஆலைத்தொகுதி முழுவதையும் வாங்கினர். தாம் ஆலை நடத்த அவர் கருதவில்லை. அக்கட்டடங்களைப் பகுதி பகுதியாகச் சிறு தொழிலாளருக்கு விற்கவும் வாடகைக்கு விடவும் செய்தனர். ஒரு பெரிய ஆலை இருந்த இடத்தில் வெவ்வேறு தொழில் செய்யும் பல சிறு ஆலைகள் குடியேறின. 17,000 பேருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் ஊர் வெறுமையாகவில்லை. இற்றைநாளில் அக்கட்டடங்களிலே பல்கலைக்கழகத்தின் ஒரு கிளையும் உண்டு.

இனி, பிரதேச முழுவதுக்குமான வணிகர் அமைப்பைப் பற்றிக் கூறுவோம். 1925 இல் ஆறு மாநில ஆளுநர்களும் விடுத்த அழைப்பின் பேரில், முற்கூறிய வூஸ்ரர் நகரிலே ஒரு மகாநாடு கூடியது. அதன் விளைவாக நியூ இங்கிலாந்து மன்றம் தோன்றியது. இப்பொழுதும் அது இயங்குகின்றது. ஒரு தொழிலுக்கோ ஒரு நகருக்கோ அன்றி, ஆறு மாநிலங்களுக்கும் பொதுவாக வணிகர் கூடிப் பேசும் சபையாக அமைந்தமை அக்காலத்தில் புதுமை.

தொடக்கத்தில் அம்மன்றத்தாரும், அவரையொத்த ஆலை முதலாளிகளும், அரசியல்வாதிகளும் கேட்டவை நம் அன்பரின் பதினொரு விஷயங்களையே ஒத்திருந்தன எனலாம். வரி குறைய வேண்டும். எரிபொருளும் சரக்குக் கூலியும் மலிய வேண்டும். பண்ணைப் பொருள் தரம்பிரித்து விற்கப்பட வேண்டும். உல்லாசப் பிரயாணிகள் வர வேண்டும். இவற்றோடு விசித்திரமான கோரிக்கை ஒன்றும் இருந்தது. தெற்கத்து முதலாளி குறைந்த கூலியால் எம்மை வெல்கின்றான். ஆதலின் நாடு முழுவதற்கும் ஒரே குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்குக என்று வடக்கத்து ஆலை முதலாளிகளுட் பலர் தொழிற்சங்கத்தாரோடு சேர்ந்து கேட்டனர். 1938 இல் மணிக்கு 25 சதம் என அச்சட்டம் நிறைவேறியது. முதலாளி கூலியை உயர்த்தும் சட்டத்தை வேண்டி நிற்றல் நமக்கு வியப்பாகலாம். தன் கூலியை அன்று, அயலவன் கூலியையே உயர்த்தச் சொன்னான் என்று கண்டால் வியப்பு நீங்கும். 1953 இலும் செனற் சபையில், மசாச்சூசெற்ஸின் புதிய அங்கத்தவராயிருந்த ஜோன் கென்னடி, நியூ இங்கிலாந்தின் பொருளாதாரம் பற்றி மூன்று நீண்ட சொற்பொழிவுகள் ஆற்றி, ஆலைகள் தெற்கே போவதற்கான காரணங்களை எடுத்துரைத்தார்.

இக்கோரிக்கைகளிற் சில நிறைவேறின. ஆயினும் நெசவாலைகள் திரும்பி வரவில்லை. தெற்கே சென்றவையும் அங்கே நிலைக்கவில்லை. பின்னர் அவை கடல் கடந்து ஆசிய நாடுகளுக்குச் சென்றன. நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளும் அந்நீண்ட பயணத்தின் ஒரு தங்குமடமே. மலிந்த கூலியைத் தேடி வந்த தொழில் அதனினும் மலிந்த கூலியைத் தேடிப் போகும் என்பதை அறிய இதனினும் தெளிவான பாடம் இல்லை.

திருப்பம் வேறிடத்திலிருந்து வந்தது. 1939 அளவில், நியூ இங்கிலாந்து மன்றம் புதிய பொருள்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் கார்ல் கொம்ப்ரன் என்னும் பௌதிக அறிஞர். மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் தலைவர். வணிகர் குழுவுக்குப் பேராசிரியர் ஒருவரைத் தலைவராக்கியமை தற்செயலன்று. போனதை மீட்பது எப்படி என்ற வினாவை விடுத்து, நம்மிடம் இருப்பனவற்றுள் பிறர் தூக்கிச் செல்ல முடியாதது எது என்று அவர் வினவத் தொடங்கினர். ஆறு இருந்தது, அதன் பயன் குன்றிவிட்டது. பணம் இருந்தது, நூறாண்டு ஆலை வருவாய் பொஸ்ரன் வங்கிகளிலும் காப்புறுதிக் கம்பனிகளிலும் முடங்கிக் கிடந்தது. மூன்றாவதாகப் பள்ளிகள் இருந்தன. ஐம்பது குடி உள்ள ஊர் தோறும் எழுத்தறிவிக்க ஆசிரியர் ஒருவரை வைத்தல் வேண்டும் என 1647 இலேயே சட்டம் செய்த நாடு அது. ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1636 இலும், தொழில்நுட்ப நிறுவகம் 1861 இலும் தோன்றியவை.

பணமும் அறிவும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று காணவில்லை என்பதே அக்குழுவினர் கண்ட குறை. இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். வங்கி ஒருவனுக்குக் கடன் கொடுக்குமுன் ஈடு கேட்கும். காணி உறுதியோ கட்டடமோ நகையோ இல்லாதவனுக்குக் கடன் இல்லை. புதிய பொறி ஒன்றை மூளையிலே வைத்திருக்கும் இளைஞனிடம் ஈடாக வைக்க என்ன உண்டு? ஆதலின் அவனுக்குக் கடன் பயன்படாது. அவனோடு பங்காளியாக நின்று, நட்டம் வரின் தாமும் நட்டப்பட்டு, இலாபம் வரின் பங்கு கொள்ளும் பணமே பயன்படும். பத்துப் பேரிற் பணம் இட்டால் ஏழு பேர் தோற்கலாம். ஒருவன் வென்றால் எழுவரின் இழப்பும் ஈடாகும். இக்காலத்தில் துணிகர முதலீடு என்று வழங்குவது இதுவே. செல்வர் சிலர் தனித்தனியே இதனைச் செய்ததுண்டு. பொதுமக்களிடம் பங்கு விற்று, அதனையே தொழிலாகச் செய்யும் கம்பனி ஒன்றை முதன்முதல் ஆக்கியவர்கள் இக்குழுவோடு தொடர்புடையவர்களே.

அவர்களுள் மூவரைக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் கொம்ப்ரன். மற்றொருவர் றால்வ் பிளாண்டர்ஸ். வெர்மொன்றிலே பொறி செய்யும் பொறிகளை ஆக்கும் தொழிலை நடத்தியவர். பின்னர் பொஸ்ரன் மத்திய சேமவங்கியின் தலைவராயிருந்து, செனற் சபைக்கும் சென்றவர். மூன்றாமவர் பிரான்சிலே பிறந்து ஹாவார்டிலே வணிகம் கற்பித்த பேராசிரியர் ஜோர்ஜ் டொறியோ. 1946 இல் அமெரிக்க ஆராய்ச்சி அபிவிருத்திக் கம்பனி என ஒன்றை இவர்கள் நிறுவினர். 50 இலட்சம் டொலர் திரட்ட எண்ணினர். கிடைத்தது 35 இலட்சம் அளவே. பல ஆண்டுகள் அதன் வருவாய் நகைப்புக்கிடமாகவே இருந்தது.

1957 இல், தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடத்திலிருந்து கென் ஒல்சன், ஹர்லன் அன்டர்சன் என்னும் இரு இளம் பொறியியலாளர் டொறியோவிடம் வந்தனர். கணினி செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். கணினி என்ற சொல்லையே விண்ணப்பத்தில் எழுதவேண்டாம், அச்சொல்லைக் கேட்டால் முதலிடுவோர் அஞ்சுவர் என்று அவர்களுக்கு அறிவுரை கிடைத்ததாம். அவ்வாறே எழுதி 70,000 டொலர் பெற்றனர்; ஈடாகக் கம்பனியின் பங்கில் நூற்றுக்கு 70 வீதம் கொடுத்தனர். தொழில் தொடங்க இடம் தேடினர். பொஸ்ரனுக்கு மேற்கே மேனாட் என்னும் சிற்றூரில், கம்பளி ஆலை ஒன்று மூடிக் கிடந்தது, வாடகை மலிவு. அதன் ஒரு பகுதியில் டிஜிற்றல் கம்பனி தோன்றியது. பாட்டியார் கம்பளி நெய்த தளத்திலே பேரர் கணினி செய்தனர். முப்பது ஆண்டுகளில் அக்கம்பனி ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. டொறியோவின் 70,000 டொலர் 1971 அளவில் ஏறத்தாழ 35 கோடி டொலர் பெறுமதியாயிற்று. அடுத்த ஆண்டு அவருடைய கம்பனியை வாங்கியது ரெக்ஸ்றன் என்னும் நிறுவனம். அதுவும் ஒரு காலத்தில் நூலும் துணியும் செய்து பிழைத்ததே.

அரசின் பணியை மறத்தல் ஆகாது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் மத்திய அரசு ஆராய்ச்சிக்கு வழங்கிய பெரும்பணம் இல்லையேல் ஒல்சன் பயின்ற ஆய்வுகூடமே இருந்திராது. 1951 இல் பொஸ்ரனைச் சுற்றித் திறக்கப்பட்ட 128 ஆம் இலக்க நெடுஞ்சாலையும் உதவியது. எங்கும் போகாத சாலை என்று முதலில் எள்ளி நகையாடப்பட்ட அதன் இருமருங்கிலும் நூற்றுக்கணக்கான கம்பனிகள் முளைத்தன. ஆகவே அன்பர் ரோட்டு வேணும் என்று எழுதியது பிழையன்று.

இனி வருவதே எம் கருத்தில் இக்கதையின் கசப்பான பகுதி. ஆசிரியராகிய எம் நெஞ்சைத் தொட்டதும் அதுவே.

1977 இல் மசாச்சூசெற்ஸில் உயர்தொழில்நுட்பக் கம்பனிகளின் தலைவர்கள் கூடி, மாநில உயர்தொழில்நுட்ப மன்றம் என ஒரு சங்கம் அமைத்தனர். பொறியியலாளர் போதவில்லை, வெளியிலிருந்து அழைத்தாலோ இம்மாநிலத்து வரியைக் கேட்டு வர மறுக்கின்றனர், ஆதலின் வரி குறைக்க வேண்டும் என்பது அவர்தம் முதற் கோரிக்கை. அந்நாட்டில் பாடசாலைகளை நடத்துவோர் பெரும்பாலும் அவ்வவ்வூர்ச் சபையார். அதற்கான பணத்தின் பெரும்பகுதி வீடு காணிகளின் மீதான ஆதன வரியிலிருந்து வருவது. 1945 முதல் இலவசக் கல்வியை மத்திய அரசின் செலவில் நடத்திவரும் நம் நாட்டினர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். அங்கே ஆதன வரி குறைந்தால் பள்ளிக்கூடத்தின் உலைப்பானையிலே அரிசி குறையும்.

1980 இல், ஆதன வரி சொத்தின் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தை மிஞ்சலாகாது என்னும் பிரேரணை மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. அம்மன்றத்தார் அதற்குப் பணமும் ஆதரவும் கொடுத்தனர். அது நிறைவேறியது. வரிச்சுமை குறைந்ததில் மக்கள் மகிழ்ந்தனர். அச்சுமை உண்மையிலேயே பெரிதாயிருந்தது என்பதையும் நடுநிலையிற் கூறுதல் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே ஊர்தோறும் ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். சங்கீதம், சித்திரம், நூல்நிலையம் என்பவையே முதலில் வெட்டப்பட்டன. இவை எங்கும் முதலில் வெட்டப்படுவனவே. செல்வர் வாழும் ஊர்கள் எவ்வாறோ சமாளித்தன. லோவெல் போன்ற பழைய ஆலை நகரங்களின் பிள்ளைகள் பின்தங்கினர்.

பொறியியலாளர் வேண்டும் என்றவரும் அவரே. பொறியியலாளரை ஆக்கும் பள்ளியின் பணத்தைக் குறைத்தவரும் அவரே. அவர்கள் தீயோர் அல்லர். வரியை ஒரு தாளிலும் கல்வியை மற்றொரு தாளிலும் எழுதினர். இரண்டும் ஒரே கணக்கு என்று காணவில்லை, அவ்வளவே.

1980 களின் இறுதியில் அப்பிரதேசம் மறுபடியும் வீழ்ந்தது. சிறு கணினியின் காலம் வந்துவிட்டதை அங்குள்ள பெருங்கம்பனிகள் உணரவில்லை. லோவெலில் இருந்த வாங் கம்பனி 1992 இல் முறிந்தது. மேனாட் கம்பளி ஆலையிற் பிறந்த டிஜிற்றல் கம்பனி 1998 இல் பிறர் கைக்குச் சென்றது. ஆலைகள் போனது போலவே கணினிகளும் போயின. பெரியவை அனைத்தும் என்றும் நிலைக்கும் என்று முன்னர் எண்ணியவர்கள் மறுமுறையும் எண்ணினர் போலும்.

இவ்வீழ்ச்சியினிடையே வணிகரின் மற்றொரு குழு வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தது. 1988 இல், ஜாக் றென்னி என்னும் கம்பனித் தலைவரின் முயற்சியால் கல்விக்கான வணிகர் கூட்டணி மசாச்சூசெற்ஸிலே தோன்றியது. 1991 இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் ஒரு பேரம் எனலாம். வறிய ஊர்ப் பள்ளிக்கும் வளமான ஊர்ப் பள்ளிக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு பணம் வேண்டும் எனக் கணக்கிட்டு, குறையும் தொகையை மாநில அரசு கொடுப்பதாக. அதற்கு மாறாக, மாணவர் எதைக் கற்றனர் என்பதைப் பொதுவான அளவுகோலால் அளப்பதாக. அப்பணம் வரியிலிருந்தே வரவேண்டும் என்பதை மறைக்காமல் வணிகரே முன்வந்து கேட்டமைதான் செய்தி.

அதே வேளையில் வறிய ஊர்களின் பிள்ளைகள் சார்பிலே ஒரு வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றத்திலே நடந்தது. ஜோன் அடம்ஸ் எழுதிய 1780 ஆம் ஆண்டு மாநில யாப்பிலே, கல்வியைப் போற்றிப் பேணுதல் ஆட்சியாளரின் கடமை என்னும் பொருள்பட ஒரு வாசகம் உண்டு. அஃது அலங்காரச் சொல்லா, கட்டளையா என்பதே வழக்கு. கட்டளையே என்று 1993 யூனில் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒரு வினைச்சொல்லின் பொருளை ஆராய்ந்து ஒரு மாநிலத்தின் வரவு செலவையே மாற்றிவிட்டனர். இலக்கண ஆசிரியர்க்கு இதனினும் மகிழ்ச்சி தரும் செய்தி உண்டோ? தீர்ப்பு வந்த சில நாட்களுள், கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் ஆளுநர் கையொப்பமிட்டார். ஏழு ஆண்டுகளில் பள்ளிகளுக்கான மாநில உதவி ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2005 முதலாகப் பல ஆண்டுகள் தேசியச் சோதனைகளில் அம்மாநில மாணவர் நாட்டின் முன்னணியில் நின்றனர். பொஸ்ரன் நகரைச் சுற்றி மருந்து ஆராய்ச்சிக் கம்பனிகள் பெருகியமைக்குப் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் அடிப்படை. அங்கே வேலை செய்யத் தக்கவரை அனுப்பும் பணியில் இப்பள்ளிகளுக்கும் பங்குண்டு.

யாவும் நன்றாயிற்று என யாம் கூறவில்லை. பேரத்தின் மறு பாதியாகிய பரீட்சை, காலப்போக்கில் கல்வியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று ஆசிரியர்கள் முறையிட்டனர். பரீட்சைக்கு வருவதையே படிப்பிக்கும் நிலை எது என்பதை நம் ஆசிரியர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில், அப்பரீட்சையிற் சித்தியடைந்தாலன்றி உயர்பள்ளிச் சான்றிதழ் இல்லை என்ற விதியை மக்கள் வாக்களித்து நீக்கினர். ஆசிரியர் சங்கம் நீக்கக் கோரியது. வணிகர் சங்கங்கள் எதிர்த்தன. எவர் பக்கம் நியாயம் அதிகம் என்று எம்மால் துணிந்து கூற இயலவில்லை. வீட்டு விலையின் ஏற்றத்தால் இளைஞர் அங்கே வாழ முடியாது வெளியேறுகின்றனர் என்பதும், நிலக்கரியும் எண்ணெயும் இல்லாத பழைய குறையால் மின்சாரம் இன்னும் விலை மிகுந்திருப்பதும் வணிகர் மனுக்களில் இடம்பெறுவனவே.

நம் அன்பரைப் போன வாரம் மறுபடியும் கண்டோம். மனு இன்னும் அனுப்பப்படவில்லையாம். ஆங்கில மொழிபெயர்ப்பு முடியவில்லை. இக்கதையை அவருக்குச் சுருக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடத்தைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்கலாம் என்றார். சேர்க்கும்போது நாலாவதாக எழுதிய வரிக்குறைப்பைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசிக்குமாறு கேட்டுக்கொண்டோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப நாலையும் பன்னிரண்டையும் கூட்டத்திலை ஒண்டா எடுக்கவேணும், மாஸ்ரர்" என்றார். கூட்டம் அடுத்த திங்கள் நடைபெறவுள்ளது.